சலுகையும் உரிமையும்: திரிட்டி உம்ரிகரின் நாவலில் இரு பெண்கள்



பெண்களுக்கிடையிலான நட்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், தமிழ் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவள் சங்க அகப்பாடல்களில் வரும் தோழிதான். தலைவியின் மனதைத் தலைவியிலும் நன்றாக அறிந்தவள் அவள். காவலுக்கு நிற்பாள், தூது போவாள், காலம் தாழ்த்தும் தலைவனை இடித்துரைப்பாள், மறைத்த உண்மையைச் செவிலியிடம் சொல்லவேண்டிய வேளை வந்தால் அதனைச் சொல்லும் துணிவும் அவளுக்கே உண்டு. இந்தத் தோழி யார் என்ற கேள்விக்குத் தொல்காப்பியம் தரும் விடை, அவள் செவிலியின் மகள் என்பதாகும். வளர்த்த தாயின் மகளே தவிர, அந்த வீட்டின் செல்வத்துக்கு உரியவள் அல்லள்.

நூற்றுக்கணக்கான பாடல்களில் அவள் பேசுகின்றாள். ஆயினும் அவளுக்கென்று ஒரு காதல் இருந்ததா, அவளுக்கு ஒரு துன்பம் நேர்ந்தால் தலைவி அவளுக்காக என்ன செய்வாள் என்ற வினாக்களுக்கு அப்பாடல்களில் இடமில்லை. அகமரபின் நோக்கம் வேறு என்பதால் இதனைக் குறையாகச் சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் காலத்து நாவலாசிரியை ஒருவர் ஏறத்தாழ இதே வினாவை எழுப்பி, முழு நாவல் ஒன்றை எழுதியுள்ளார். ஒருத்தி எசமானி, மற்றவள் அவளுடைய வீட்டு வேலைக்காரி. இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கின்றார்கள். அந்த நேசத்துக்கு ஒரு சோதனை வருகின்றது. அப்போது எது நிலைக்கும்? நேசமா, வர்க்கமா? இன்றைய உரைக்கு எடுத்துக்கொண்ட விடயம் இதுதான்.

நாவலின் பெயர் ‘தி ஸ்பேஸ் பிட்வீன் அஸ்’. ‘நமக்கிடையே உள்ள இடைவெளி’ என்று தமிழில் சொல்லலாம். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான இந்த ஆங்கில நாவலை எழுதியவர் திரிட்டி உம்ரிகர். பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். இருபத்தொரு வயதில் அமெரிக்கா சென்று, பல வருடங்கள் பத்திரிகையாளராகப் பணியாற்றி, பின்னர் ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லண்ட் நகரிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் பேராசிரியரானவர். அவருடைய முதல் நாவலான ‘பொம்பே டைம்’ 2001இல் வந்தது. இருப்பினும் உலக வாசகர்கள் பலரிடம் அவரைக் கொண்டு சேர்த்தது இந்த நூலே.

பார்சிகள் என்போர் பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் குஜராத் கரையில் வந்திறங்கிய சரதுஷ்டிர சமயத்தவரின் வழித்தோன்றல்கள். தொகையில் மிகச் சிறிய சமூகமாயினும், பம்பாயின் வணிகத்திலும் கல்வியிலும் கைத்தொழிலிலும் அவர்கள் பெற்ற இடம் பெரிது. அந்தச் சமூகத்தின் வசதியான வீடொன்றில் வளர்ந்த உம்ரிகர், தமது சிறுவயதில் வீட்டில் வேலை செய்த பீமா என்ற பெண்ணின் நினைவிலேயே இந்தக் கதாபாத்திரத்தை உருவாக்கினார். பெயரைக்கூட மாற்றவில்லை. எனவே நாவலை ஒரு கடன் தீர்க்கும் முயற்சியாகவும் பார்க்க இடமுண்டு.

இனிக் கதைக்கு வருவோம்.

பீமா அறுபது வயதைக் கடந்தவள். எழுத்தறிவில்லாதவள். பம்பாயின் சேரியொன்றில், மண்தரைக் குடிசையில், பதினேழு வயதுப் பேர்த்தி மாயாவுடன் வாழ்கின்றாள். விடியும் முன் எழுந்து பொதுக் குழாயடியில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கவேண்டும். பொதுக் கழிப்பிடத்துக்கும் வரிசைதான். அதன் பின்னர் சேராவின் வீட்டுக்கு நடந்து போகவேண்டும். இருபது வருடங்களுக்கும் மேலாக அவளுடைய காலைப் பொழுதுகள் இப்படித்தான் விடிந்திருக்கின்றன.

சேரா டுபாஷ் நடுத்தர வயதைத் தாண்டிய பார்சி விதவை. படித்தவள், மென்மையானவள், வசதியுள்ளவள். மகள் தினாசும் மருமகன் விராப்பும் அவளுடனேயே வசிக்கின்றனர். தினாஸ் தன் முதற்குழந்தையைச் சுமந்திருக்கிறாள். வீடு முழுவதும் அந்த எதிர்பார்ப்பின் மகிழ்ச்சி.

அதே வேளையில் சேரியிலுள்ள குடிசையிலும் ஒரு கர்ப்பம். பீமாவின் பேர்த்தி மாயா திருமணமாகாமலே கருவுற்றிருக்கின்றாள். தகப்பன் யார் என்று சொல்ல மறுக்கிறாள். ஒரு கர்ப்பத்துக்கு வாழ்த்து, மற்றதற்குக் கண்ணீர் என்ற இந்த ஒப்புமையை ஆசிரியை நாவலின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகின்றார். பின்னால் வரப்போகும் இடிக்கு இதுவே முன்மின்னல்.

சேராவுக்கும் பீமாவுக்கும் இடையிலான உறவைக் காட்ட ஆசிரியை பயன்படுத்தும் மிகச் சிறிய பொருள் ஒன்றுண்டு. அது தேநீர் குடிக்கும் பாத்திரம். காலை வேலைகள் ஓய்ந்த பின்னர் இருவரும் ஒன்றாகத் தேநீர் குடிப்பார்கள். குடும்பக் கதைகளைப் பேசுவார்கள். ஒருத்தி மற்றவளின் கவலையைக் கேட்டுத் தலையசைப்பாள். பார்ப்பவர்களுக்கு இரண்டு சிநேகிதிகள் பேசிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். ஆனால் சேரா மேசையருகில் கதிரையில் இருந்து தன் கோப்பையில் குடிக்கின்றாள். பீமா நிலத்தில் குந்தியிருந்து, தனக்கென்று புறம்பாக வைக்கப்பட்ட உருக்குப் பாத்திரத்தில் குடிக்கின்றாள். அந்த வீட்டுக் கதிரைகளைத் துடைப்பவள் அவள். அவற்றில் அமர்ந்ததில்லை.

தனிப் பாத்திரம் என்றால் என்னவென்று எங்கள் நாட்டு வாசகர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒதுக்கப்பட்ட மக்களுக்குச் சமமான பாத்திரமும் இருக்கையும் வேண்டும் என்பதற்காகவே 1960களில் போராட்டங்கள் நடந்தன. கே. டானியல் 1972இல் வெளியான தமது ‘பஞ்சமர்’ நாவலில் அந்த மக்களின் வாழ்வை எழுதினார். டானியல் காட்டியது பகைமையோடு கூடிய ஒதுக்கல். உம்ரிகர் காட்டுவது அன்போடு கூடிய ஒதுக்கல். இரண்டாவதை இனங்காண்பது கடினம். ஏனெனில் ஒதுக்குபவளும் ஒதுக்கப்படுபவளும் அதனை அன்பு என்றே நம்பியிருக்கின்றார்கள்.

சேராவுக்கு இந்த அநீதி தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தினாஸ் சிறுமியாக இருந்த காலத்திலேயே தாயிடம் இதுபற்றிக் கேட்டு வாதாடியவள், பீமாவைக் கட்டியணைப்பவள். அதைப் பார்க்கும்போது சேராவின் உடலில் ஒரு கூச்சம் எழுகின்றது. அந்தக் கூச்சத்தை அவள் வெறுக்கின்றாள். ஆயினும் அதனைக் கடக்க அவளால் முடியவில்லை. பீமாவுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தபோது சேரா சேரிக்கே தேடிப்போகிறாள். அங்குள்ள நிலையைக் கண்டு திடுக்கிட்டு, பீமாவைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்து வைத்தியம் செய்விக்கின்றாள். எத்தனை எசமானிகள் இதைச் செய்வார்கள்? ஆனால் நோயாளிக்குப் பாய் விரிக்கப்பட்ட இடம் வீட்டின் பல்கனி. அறைகளில் கட்டில்கள் இருந்தன. சேராவின் கருணை பல்கனி வரை வந்தது, அதற்கு மேல் உள்ளே வரவில்லை.

இவ்விடத்தில் ஆசிரியை சேராவின் இளமைக் காலத்தைத் திறந்து காட்டுகின்றார். திருமணமாகி வந்த புதிதில் அவளுடைய மாமியார் பானு, மாதவிலக்கு நாட்களில் அவளை அறைக்குள் ஒதுக்கிவைக்கின்றாள். வீட்டில் எதையும் தொடக்கூடாது. சாப்பாடும் தனி, பாத்திரமும் தனி. முற்போக்கான வீட்டிலிருந்து வந்த சேரா, தன்னைத் தீட்டுப் பொருளாக நடத்துவதை எண்ணிக் கூனிக் குறுகுகின்றாள். தனிப் பாத்திரம் தரும் அவமானத்தை அவள் தன் உடலாலேயே அறிந்தவள். அப்படியிருந்தும் பீமாவுக்குத் தனிப் பாத்திரம் வைக்கும்போது அந்த அனுபவம் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. துன்பப்பட்டவர்கள் மற்றவர் துன்பத்தைத் தானாகவே உணர்ந்துவிடுவார்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகின்றோம். அந்த நம்பிக்கையை இந்நாவல் அமைதியாக மறுக்கின்றது. நாவலின் ஆழமான பகுதி இதுவே என்பது எனது கருத்து.

சேராவின் கணவன் பெரோஸ் உயிரோடிருந்த காலத்தில் அவளை அடிப்பவன். வெளியுலகுக்கு மரியாதையான மனிதன், வீட்டுக்குள் கைநீட்டுபவன். கன்றிப்போன உடலைச் சேரா தன் பெற்றோரிடமிருந்தும் சிநேகிதிகளிடமிருந்தும் மறைக்கின்றாள். பீமாவிடமிருந்து மறைக்க முடியவில்லை. ஒருநாள் பீமா மருந்தெடுத்துவந்து, எசமானியின் காயங்களில் தன் கையால் தேய்த்துவிடுகின்றாள். இரு பெண்களுக்கிடையே இடைவெளி முற்றாக அழியும் தருணம் நாவலில் அது ஒன்றுதான். அங்கும் தொடுவது பீமாவின் கை. தொடப்படுவது சேராவின் உடல். ஊழியம் செய்வதற்காகத் தொடலாம், அதற்குத் தடையில்லை. எதிர்த்திசையில் அந்தக் கை நீளுவதில்லை.

பீமாவின் கடந்த காலமும் இதற்குச் சமாந்தரமாகச் சொல்லப்படுகின்றது. அவளுக்கும் ஒரு நல்ல காலம் இருந்தது. கோபால் என்ற அன்பான கணவன், மகன் அமித், மகள் பூஜா. தொழிற்சாலை விபத்தில் கோபாலின் விரல்கள் துண்டிக்கப்படுகின்றன. அரசாங்க வைத்தியசாலையில் காயம் சீழ்பிடித்துக் காய்ச்சல் ஏறுகின்றது. வைத்தியர்கள் பீமாவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவள் சேராவிடம் சொல்லுகிறாள். பெரோஸ் வைத்தியசாலைக்கு வந்து அதிகாரக் குரலில் நாலு வார்த்தை பேசுகின்றான். உடனே எல்லாம் நடக்கின்றது. நோயாளியும் நோயும் மாறவில்லை. பேசியவரின் உடையும் குரலும் மட்டுமே மாறின. வர்க்கச் சலுகை என்றால் என்ன என்பதை இதைவிட எளிமையாக ஒரு மாணவருக்கு விளங்கவைக்க முடியாது.

அதே விபத்தில் இன்னொரு காட்சி. தொழிற்சாலையின் கணக்காளர் நல்லவன் போலப் பேசி, ஒரு பத்திரத்தில் பீமாவின் பெருவிரல் அடையாளத்தை வாங்கிக்கொள்கின்றான். அதில் என்ன எழுதியிருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. கணவனுக்குச் சேரவேண்டிய நட்டஈட்டைத் தானே கைவிட்டுக் கொடுத்திருக்கின்றாள் என்பது பின்னரே தெரியவருகின்றது. கோபால் மனமுடைந்து குடிக்குப் பழகி, ஒருநாள் மகனையும் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விடுகின்றான். பின்னர் டில்லியில் வாழ்க்கைப்பட்ட பூஜாவும் அவளுடைய கணவனும் எய்ட்ஸ் நோயால் இறக்கின்றனர். அநாதையான சிறுமி மாயாவைப் பீமா பம்பாய்க்கு அழைத்துவருகின்றாள். எழுதப்படிக்கத் தெரியாமையே தன் குடும்பத்தை அழித்தது என்று நம்பும் அவளுக்கு ஒரே இலட்சியம், பேர்த்தியைப் படிப்பிப்பது.

அந்தப் படிப்புக்குப் பணம் கொடுப்பவள் சேரா. மாயாவைக் கல்லூரிக்கு அனுப்புவதும், கர்ப்பம் தெரியவந்ததும் கருக்கலைப்புக்கு ஒழுங்கு செய்வதும் அவள்தான். பீமா அவளைத் தெய்வமாகப் பார்க்கின்றாள். வாசகர்களாகிய நாங்களும் ஏறத்தாழ அப்படியே பார்க்கத் தொடங்கும் நேரத்தில் உண்மை வெளியாகின்றது. மாயாவைக் கெடுத்தவன் வேறு யாருமல்லன், சேராவின் மருமகன் விராப். படுக்கையில் கிடக்கும் கிழவி பானுவுக்கு உதவியாக மாயா சென்றுவந்த வீட்டில், தனிமையைப் பயன்படுத்தி அவன் அதைச் செய்திருக்கின்றான். பின்னர், வாய்திறக்கக்கூடாது என்றும், கருவைக் கலைத்துவிடவேண்டும் என்றும் அவளுக்குச் சொல்லியிருக்கின்றான். ஆக, சேரா உதவியென்று நினைத்துச் செய்த ஒழுங்கு, அவளறியாமலே, தன் குடும்பத்துக் குற்றத்தின் தடயத்தைத் துடைத்துக் கொடுத்திருக்கின்றது.

உண்மையை அறிந்த பின்னரும் பீமா சில காலம் வாய்திறக்கவில்லை. தினாசின் வாழ்வு குலைந்துவிடுமே, சேராவின் மனம் உடைந்துவிடுமே என்று தன் வயிற்றெரிச்சலை விழுங்கிக்கொண்டு அதே வீட்டில் பாத்திரம் கழுவுகின்றாள். நட்பின் மிக உயர்ந்த செயல் இந்த மௌனம். அதைச் செய்தவள் பீமா என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. ஆனால் விராப்புக்கு அவளுடைய பார்வையே அச்சத்தைத் தருகின்றது. அவள் பணம் திருடியதாகக் குற்றஞ்சாட்டி வீட்டைவிட்டு வெளியேற்றச் சூழ்ச்சி செய்கின்றான். திருடி என்ற பட்டத்தைத் தாங்கமுடியாமல் பீமா வெடித்து, உண்மையைச் சேராவின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகின்றாள்.

சேரா என்ன செய்கின்றாள்? உண்மையா பொய்யா என்று விசாரிக்கவில்லை. இருபது வருடமாகத் தன் காயங்களுக்கு மருந்து போட்ட அந்தப் பெண்ணை அவள் வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லுகிறாள்.

இந்நாவலைப் பற்றி எனது உயர்தர வகுப்பில் கதைத்தபோது ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், சேரா நல்லவவா, கெட்டவவா?” என்று கேட்டாள். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி கூடவே வந்தது. யோசித்துப் பார்க்கையில், திருக்குறள்தான் எனக்கு வழிகாட்டியது.

நட்பை மட்டுமே வள்ளுவர் ஐந்து அதிகாரங்களில் ஆராய்கின்றார். அவற்றுள் ‘பழைமை’ என்ற அதிகாரம் நெடுநாள் நட்பைப் பற்றியது. பழகிய நண்பர் நம்மைக் கேளாமல் உரிமை எடுத்துக்கொண்டு ஒன்றைச் செய்தாலும் அதனை விரும்பி ஏற்பதே அந்த நட்பின் இலக்கணம் என்பது அங்கு வற்புறுத்தப்படும் கருத்து. உரிமை என்ற சொல்லை இங்கு கவனிக்கவேண்டும். நண்பருக்கு நம்மிடம் உரிமை உண்டு. அது நாம் கொடுப்பதன்று. நட்பினாலேயே அவருக்கு வந்து சேர்வது.

இந்த அளவுகோலைக் கொண்டு சேராவையும் பீமாவையும் பார்த்தால் விடயம் தெளிவாகின்றது. சேரா பீமாவுக்குக் கொடுத்தவை ஏராளம். மருந்து, பணம், படிப்புச் செலவு, இரக்கம் எல்லாமே கொடுத்தாள். அவை யாவும் சலுகைகள். கொடுப்பவர் விரும்பும்வரை இருக்கும், விரும்பாதபோது நின்றுவிடும். பீமாவுக்கு அந்த வீட்டில் உரிமை என்று எதுவும் இருக்கவில்லை. கதிரையில் அமரும் உரிமை இல்லை. சேராவின் கோப்பையில் குடிக்கும் உரிமை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மை சொல்லும் உரிமை இல்லை. அவள் நன்றி சொல்லும்வரை சிநேகிதி. நியாயம் கேட்ட கணத்தில் வேலைக்காரி. சேராவின் நற்குணத்தில் பொய் இல்லை. ஆனால் அந்த நற்குணத்துக்கு அதுவரை எந்த விலையும் கொடுக்கவேண்டி நேரவில்லை. மகளின் இல்லறம், குடும்பத்தின் மானம், முதுமையின் நிம்மதி என்று பெரிய விலை கேட்கப்பட்டபோது அவள் வர்க்கத்தின் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ஆகவே அந்த மாணவிக்கு மறுநாள் நான் சொன்ன பதில் இது: “பிள்ளை, சேரா நல்லவதான். நல்லவவாய் இருந்தும் போதாமல் போனதுதான் கதை.”

இந்த வேறுபாடு இலக்கியத்தோடு நின்றுவிடுவதில்லை. வீட்டு வேலை செய்வோருக்கு உரிய கௌரவமான நிலைமைகளை வரையறுத்து, சர்வதேசத் தொழில் அமைப்பு 189ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது 2011ஆம் ஆண்டிலாகும். இந்த நாவல் வெளிவந்து ஐந்து வருடங்கள் கழிந்த பின்னர். வேலை நேரம், வாராந்த ஓய்வு, தெளிவான வேலை நிபந்தனைகள் போன்றவற்றை அது பேசுகின்றது. எசமானர்களின் நல்ல மனதை மட்டும் நம்பி ஒரு மனிதரின் வாழ்வை விட்டுவிட முடியாது என்பதே அதன் சாரம். பீமாவின் கதை சொல்வதும் அதைத்தான்.

இனி நாவலின் கலையமைப்பைப் பற்றிச் சிறிது பார்ப்போம். கதை ஒருமுறை பீமாவின் மனதிலிருந்தும் ஒருமுறை சேராவின் மனதிலிருந்தும் மாறிமாறிச் சொல்லப்படுகின்றது. இதனால் வாசகருக்கு இரு வீடுகளின் உள்ளும் தெரியும். அந்த இரு பெண்களுக்கோ மற்றவரின் உள் முழுமையாகத் தெரியாது. இடைவெளி என்ற கருப்பொருளை நாவலின் அமைப்பே இவ்வாறு தாங்கி நிற்கின்றது. எழுத்தறிவற்ற பீமாவின் சிந்தனைக்கு ஆசிரியை கொடுத்திருக்கும் செழுமையும் பாராட்டத்தக்கது. படிக்காதவர்கள் ஆழமாகச் சிந்திக்கமாட்டார்கள் என்ற தவறான எண்ணத்துக்கு இங்கு இடமே வைக்கவில்லை.

குறைகளும் உண்டு. விபத்து, ஏமாற்று, குடி, பிரிவு, எய்ட்ஸ், கர்ப்பம், திருட்டுப் பழி என்று பீமாவின் தலையில் துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதைப் பார்க்கையில், ஆசிரியை சற்றுக் கை தளர்த்தியிருக்கலாம் என்று தோன்றும். சில இடங்களில் உணர்ச்சி அளவு மீறி, தொலைக்காட்சி நாடகத்தின் சாயல் படிகின்றது. இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்றுமுண்டு. பீமாவின் கதையை எழுதியவர் சேராவின் வர்க்கத்தைச் சேர்ந்தவர். எழுதிய மொழி ஆங்கிலம். பீமாவைப் போன்ற ஒருத்தி தன்னைப் பற்றிய இந்த நூலை ஒருநாளும் வாசிக்க மாட்டாள். இந்த முரண்பாட்டை எந்தத் திறமையாலும் நீக்கிவிட முடியாது. எனினும் தன் வர்க்கத்தவளான சேராவுக்கு ஆசிரியை இறுதியில் மன்னிப்பு வாங்கிக்கொடுக்க முயலவில்லை. அந்த நேர்மைதான் நூலைக் காப்பாற்றுகின்றது.

முடிவுக் காட்சியில், வேலையும் சிநேகிதமும் ஒரே நாளில் போன பீமா கடற்கரைக்குச் செல்லுகின்றாள். பலூன்கள் வாங்குகின்றாள். இருளில் கடலோரம் நின்று அவற்றை வானத்தில் பறக்கவிடுகின்றாள். பல வருடங்களுக்கு முன்னர் அதே கரையில் பலூன் விற்ற, நாடிழந்த ஆப்கானியக் கிழவன் ஒருவனின் நினைவு அவளுக்கு வருகின்றது. நாளை விடியும், மாயா இருக்கின்றாள், வாழவேண்டும் என்ற உறுதியுடன் அவள் திரும்புகின்றாள். அவளுக்கு எந்த நீதியும் கிடைக்கவில்லை. ஆனால் முதல் தடவையாக, யாருடைய தயவும் இல்லாமல் தன் காலில் நிற்கின்றாள்.

பன்னிரண்டு வருடங்களின் பின்னர், 2018இல், ‘தி சீக்ரெட்ஸ் பிட்வீன் அஸ்’ என்ற பெயரில் இக்கதையின் தொடர்ச்சியை உம்ரிகர் எழுதினார். அதில் பீமாவுக்குப் பார்வதி என்ற இன்னொரு கிழவி கிடைக்கின்றாள். சந்தையில் மரக்கறி விற்று வயிறு கழுவுபவள், வாய் பொல்லாதவள். இருவரும் கூட்டாக வியாபாரம் தொடங்குகின்றனர். சண்டை பிடிக்கின்றார்கள், ஏசுகின்றார்கள், கோபித்துக்கொள்கின்றார்கள், பிறகு சேர்ந்துகொள்கின்றார்கள். சேராவோடு பீமா ஒருநாளும் இப்படிச் சண்டை பிடித்ததில்லை. பிடித்த ஒரே நாளில் எல்லாம் முடிந்துபோயிற்று. சண்டை பிடிக்கக்கூடிய இடத்தில்தான் உரிமை இருக்கின்றது. முதல் நாவல் எழுப்பிய வினாவுக்கு இரண்டாவது நாவல் தரும் விடையாக இதனைக் கொள்ளலாம்.

நிறைவாக ஒரு சொந்த நினைவைச் சொல்லி முடிக்கின்றேன். எனது சிறுவயதில், எண்பதுகளின் பிற்பகுதியில், மலையகத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சிறுமி எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்திருந்தாள். என்னிலும் இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள். எங்கள் அம்மா அவளுக்குப் புதுச்சட்டை தைத்துக் கொடுத்தார். காய்ச்சல் வந்தால் பக்கத்தில் இருந்து பார்த்தார். வீட்டுக்கு வருவோரிடம், “இவள் எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி” என்று பெருமையாகச் சொல்லுவார். நான் விளக்கடியில் இருந்து வீட்டுப்பாடம் செய்யும்போது அவள் குசினி வாசற்படியில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுடைய பேணி எங்கள் பேணிகளோடு கவிழ்த்து வைக்கப்பட்டதில்லை. அது குசினி யன்னலுக்கு வெளியே, புறம்பாக இருந்தது. அதைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. சில வருடங்களில் அவள் போய்விட்டாள். தமிழ் ஆசிரியையாகி எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அவளுக்கு ஒரு ‘அ’வன்னாவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

‘வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்பதில் அந்த ‘மாதிரி’ என்ற சொல் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது என்பது, இந்த நாவலை வாசித்து மூடிய இரவில்தான் எனக்கு விளங்கியது. நேயர்களே, நூல் கிடைத்தால் வாசியுங்கள். கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. இன்று தேநீர் குடிக்கும்போது, உங்கள் வீட்டில் யாருடைய கோப்பை எங்கே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றது என்று ஒருமுறை பாருங்கள்.